விந்தணு கவுண்ட் குறைந்தால் தண்ணீர்தான் காரணமா? கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்ப்பவனின் அனுபவம்

உலோகங்களுக்கு முலாம் பூசும் ஆலை ஒன்றின் கழிவுநீர்ப் பிரிவில் ஷிப்ட் பார்க்கிறவன் நான். குரோமியத் தொட்டிகளைக் கழுவிவிட்ட நீர் மஞ்சளாக வரும். அமிலம் விட்டு பி.எச். அளவை 2, 3-க்கு இறக்கி, சோடியம் பைசல்பைட் கலந்தால் பச்சைக்கு மாறும். ஆறு இணைதிறன் கொண்ட கொடிய குரோமியம், மூன்று இணைதிறன் கொண்ட, அவ்வளவு தொல்லையில்லாத குரோமியமாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சுண்ணாம்பு போட்டால் கசடாக அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீர் வெளியே போகும், கசடு மூட்டைக்குப் போகும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இப்படி. பைசல்பைட் தீர்ந்துபோன இரவுகளும் கனமழையில் தொட்டி வழிந்த நாட்களும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வழிந்தது மண்ணுக்குள்தான் இறங்கும். ஆலையை ஒட்டிய குடியிருப்பில் நாங்கள் குடித்ததும் அதே மண்ணிலிருந்து மேலே வந்த போர் தண்ணீர்.

குழந்தை இல்லாமல் ஆண்டுகள் ஓடியபோது முதலில் பரிசோதனைக்குப் போனவர் என் மனைவி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று அவரை ஒரு மருத்துவமனை மாற்றி மாற்றி அலைய வைத்தது. கடைசியாக எடுத்ததில் நல்ல வலி. இத்தனையும் முடிந்த பிறகுதான் என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் இது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை வலிக்காது, ஊசி இல்லை, மயக்கம் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பரிசோதனைக்குப் போவதுதான் நியாயம். ஓர் ஆண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால் போகலாம். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதமே போதும்.

அந்தப் பரிசோதனையைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள் இடைவெளி வேண்டும். அதற்கும் அதிகமாகச் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் அணுக்களின் ஓட்டம் குறையும். வழுக்கும் களிம்பு, எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. அவற்றில் பல விந்தணுவைச் செயலிழக்க வைக்கும். முழுவதையும் டப்பாவில் பிடிக்க வேண்டும். முதலில் வருவதில்தான் விந்தணுக்கள் நிறைய இருக்கும், அது தவறிவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும், தவறினால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் டப்பாவை உடம்போடு ஒட்டி, உடல் சூட்டிலேயே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முக்கியமான ஒன்று, ஒரே அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை தாறுமாறாக மாறும். இரண்டு மாதம் முன்னால் வந்த கடுமையான காய்ச்சல்கூட இன்றைய அறிக்கையைக் கீழே இழுக்கும்.

எனக்கு இரண்டு அறிக்கைகளுமே குறைவாகத்தான் வந்தன. ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சத்தை ஒட்டி எண்ணிக்கை, ஓட்டமும் சுமார்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின் ஆறாம் பதிப்பு ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்தத்தில் 3 கோடியே 90 லட்சம், நகரும் அணுக்கள் 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்று கீழ் எல்லை வைத்திருக்கிறது. கடைசி எண்ணைப் பார்த்து நான் முதலில் திகைத்துப் போனேன். நூற்றுக்கு 96 அணு கோணலாக இருந்தாலும் அது இயல்புதானாம்! இந்த எல்லைகள் எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசைப்படுத்தி, அதில் அடிமட்டத்து 5 சதவீதம் எங்கே முடிகிறதோ அங்கே கோடு போட்டிருக்கிறார்கள். அதாவது இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் இருக்கிறார்கள், மேலே இருந்தும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள். அறிக்கையில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் இடிந்துபோக வேண்டாம்.

வேலைக்குப் போய் இதைச் சொன்னதும் ஆளாளுக்குத் தீர்ப்பு. "அந்தப் போர் தண்ணிதான் தம்பி, வேற என்ன?" என்றார் தொட்டிப் பிரிவின் போர்மேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யாரோ ஒருவர் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனை ஊசியாகப் போட்டுக்கொண்டால் சரியாகும் என்றார். இதை மட்டும் செய்துவிடாதீர்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உடற்பயிற்சிக் கூடங்களில் ஊசி போட்டுக் கொண்டு கவுண்ட் பூஜ்யமாகி வருகிற இளைஞர்களைத் தான் அடிக்கடி பார்ப்பதாக மருத்துவர் சொன்னார்.

அந்த மருத்துவர் ஆண்களுக்கான சிறுநீரகவியல் நிபுணர். தண்ணீரைப் பற்றி நான் ஆரம்பித்ததும், "அதுக்கு வருவோம், முதல்ல எழுந்து நில்லுங்க" என்றார். நிற்க வைத்துக் கையால் தொட்டுப் பார்த்ததிலேயே இடது பக்கம் வெரிகோசீல் இருப்பது தெரிந்தது. விரையிலிருந்து ரத்தத்தை மேலே எடுத்துப்போகும் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டு கிடக்கும் நிலை அது, அதனால் விரைப்பையின் சூடு கூடும். பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு. குழந்தைக்காக மருத்துவரிடம் வரும் ஆண்களில் 35 முதல் 40 சதவீதம் பேருக்கு இருக்கிறது. "இனி தண்ணியைப் பத்திப் பேசலாம்" என்று அதற்கப்புறம்தான் உட்காரச் சொன்னார். ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதாலேயே பழியெல்லாம் தண்ணீர் மேல் போட்டிருந்தால், சரி செய்யக்கூடிய ஒன்று காலம் முழுக்க அப்படியே கிடந்திருக்கும்.

அதற்காகத் தண்ணீர் சுத்தமாக இருந்தது என்று அர்த்தமில்லை. மருத்துவர் விளக்கியதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆலை நீரில் இருக்கும் பொருட்கள் ஆணுடம்பில் பல வழிகளில் புகுந்து விளையாடுகின்றன. காட்மியம் துத்தநாகத்தைப் போல வேடம் போட்டு உள்ளே நுழைகிறது. ரத்தத்திலிருந்து விந்தணுக்களைப் பிரித்துக் காக்கும் ஒரு தடுப்பு விரைக்குள் உண்டு, செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்து உருவாக்குவது. காட்மியம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. காரீயம் விந்தணுவின் மரபுப் பொருளைச் சுருட்டி வைக்கும் புரதத்தில் துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. உடைந்து போகலாம். மூன்றாவது வழி ஹார்மோன். ஜவுளி, தோல், உலோகத் துறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் சோப்புகளில் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் பயன்பட்டு வந்தது. அது நீரில் சிதைந்து நோனைல்ஃபீனாலாகி, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக நடிக்கும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஓடும் ஏர் ஆற்றில், கம்பளி ஆலைகளின் கழிவு கலந்த இடத்துக்குக் கீழே கூண்டில் விட்ட ஆண் டிரவுட் மீன்களின் உடம்பில் முட்டைக்கரு தயாரிக்கும் புரதம் ஊறியதை 1990-களில் கண்டார்கள். ஆலைகள் அந்த சோப்பைக் குறைத்ததும் மீன்களில் அது இறங்கியது. மூலத்தில் நிறுத்தினால் பலன் உண்டு என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான். ஆனால் மீன் இருபத்து நான்கு மணி நேரமும் அந்த நீரைச் செவுளால் சுவாசிக்கிறது, நாம் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கிறோம். மீனுக்கு நடந்தது அப்படியே நமக்கு நடக்கும் என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

மனிதர்களிடம் ஐயமில்லாமல் தெரிந்த ஒரு நிகழ்வு டி.பி.சி.பி. என்ற நூற்புழுக் கொல்லியைப் பற்றியது. வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்ல அதை மண்ணில் செலுத்துவார்கள். 1977-இல் கலிபோர்னியாவின் லாத்ராப் ஊரில், அதைத் தயாரித்த ஆலையின் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, கொஞ்ச காலமாகத் தங்களில் யாருக்கும் குழந்தை பிறக்கவில்லை என்பது பொறிதட்டியது. சோதித்துப் பார்த்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. எலிகளில் அது விரைகளைச் சுருங்கச் செய்கிறது என்று 1961-லேயே அச்சில் வந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். கொஞ்ச காலம் மட்டும் வேலை பார்த்தவர்களில் பலருக்கு எண்ணிக்கை திரும்பியது, நெடுங்காலம் பார்த்தவர்களில் சிலருக்குத் திரும்பவே இல்லை. அந்த மருந்து நிலத்தடி நீருக்குள் இறங்கிப் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தது. அமெரிக்காவில் குடிநீரில் அதற்கு இன்றும் லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் என்ற வரம்பு இருக்கிறது. இந்தக் கதையில் நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆட்கள்தான், ஆய்வகம் பிறகுதான் வந்தது. ஒரே பிரிவில் இருக்கிற நான்கைந்து பேர் வெட்கத்தை விட்டுப் பேசினாலே ஒரு விஷயம் வெளியே வந்துவிடும்.

என் ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம் இருந்தது. 5-ஐத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் விந்தணு தெளிவாகக் குறைவது பெரும்பாலும் 40-க்கு மேல் போனவர்களிடம்தான். ஆகவே உங்கள் கவுண்ட்டுக்கு இதுதான் காரணம் என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முலாம் ஆலைகளில் குரோமியத்தோடு வேலை செய்பவர்களிடம் எண்ணிக்கையும் வடிவமும் பாதிக்கப்பட்டதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆனால் சிறிய ஆய்வுகள், அதிலும் அவர்கள் மூச்சிலும் தோலிலும் வாங்கியது. வாய்வழியாகக் குடிக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்தின் ஒரு பகுதியை வயிற்று அமிலமே மூன்று இணைதிறனாக மாற்றிவிடும். இப்படி ஒவ்வொன்றும் 'இருக்கலாம்' என்ற இடத்தில்தான் நின்றது. நட்ட ஈடு கேட்டு வழக்குப் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சுவர் என்று அன்றைக்குப் புரிந்தது. ஒரு தனி மனிதனின் ஒரு தனி அறிக்கையை வைத்து எந்த ஆலையையும் கூண்டில் ஏற்ற முடியாது, ஒரு தெருவே சேர்ந்து சோதித்தால்தான் பேச்சுக்கு எடை வரும்.

தண்ணீரைச் சோதிக்கப் போனபோது என் தொழில் அறிவு கொஞ்சம் கைகொடுத்தது. "தண்ணீர் டெஸ்ட்" என்று பொதுவாகக் கேட்டால் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், கிருமி இவற்றைப் பார்த்து 'குடிக்கலாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உலோகம் வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். காரீயம், காட்மியம், ஆர்சனிக், மொத்த குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் தனியாக, நிக்கல், பாதரசம். பக்கத்து ஆலை என்ன தொழில் செய்கிறதோ அதைப் பொறுத்துப் பட்டியல் மாறும். பேட்டரி என்றால் காரீயம் முதலில், தோல் என்றால் குரோமியம், உலோகப் பிசுக்கு நீக்குவது என்றால் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள். கடைசியாகச் சொன்னதற்கு மாதிரி எடுக்கும் விதமே வேறு. சிறிய கண்ணாடிக் குப்பியில், உள்ளே ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் நிரப்பி, குளிரிலேயே கொண்டுபோக வேண்டும், இல்லையேல் வழியிலேயே ஆவியாகிப் போய்விடும். பெரும்பாலான உலோகங்களுக்கு ஆய்வகமே அமிலம் விட்ட பிளாஸ்டிக் பாட்டில் தரும், குடிநீர் பாட்டிலைக் கழுவிப் பிடித்துப் போகாதீர்கள்.

காரீயத்துக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. காலையில் குழாயைத் திறந்ததும் வருகிற முதல் நீரில் ஒரு மாதிரி, சில நிமிடம் ஓடவிட்ட பிறகு ஒரு மாதிரி என்று இரண்டு எடுங்கள். முதலாவதில் மட்டும் அதிகம் என்றால் வில்லன் வீட்டுக் குழாயும் அதன் இணைப்புகளும்தான். இரண்டிலும் ஒரே அளவு என்றால் கிணறு. எங்கள் வீட்டில் குரோமியம் இரண்டிலும் வரம்பைத் தாண்டி இருந்தது, கிணற்றில்தான் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள் கையில் இருக்கட்டும். லிட்டருக்குக் காரீயம் 0.01 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01, காட்மியம் 0.003, மொத்த குரோமியம் 0.05. ஒரு முறை சோதித்ததோடு நிற்காமல் மழைக்கு முன்னும் பின்னும் பார்ப்பது நல்லது, நிலத்தடி மட்டம் மாறும்போது அளவும் மாறுகிறது.

எங்கள் குடியிருப்பில் பலர், நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நீரில் முக்கி, 'எண் குறைவாக இருக்கிறது, நல்ல தண்ணீர்' என்று சமாதானம் அடைந்துகொண்டிருந்தார்கள். அந்த மீட்டர் காட்டும் கடைசி இலக்கமே 1 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம். காரீயத்தின் வரம்பு அதில் நூறில் ஒரு பங்கு. அது எப்படிக் காட்டும்? நிறத்தையும் நம்ப முடியாது. நான் தினமும் பார்க்கும் மஞ்சள், லிட்டருக்குப் பல மில்லிகிராம் இருக்கும்போது வருவது. வரம்பைப்போல இரண்டு மடங்கு குரோமியம் இருந்த எங்கள் நீர் கண்ணாடிபோலத்தான் இருந்தது.

கொதிக்க வைப்பது இன்னொரு பொய்யான நிம்மதி. கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் கொஞ்சம் ஆவியாவதால் மிச்சத்தில் செறிவு கூடத்தான் செய்யும். புற ஊதாக் கதிர் வடிகட்டியும் கிருமிக்கு மட்டும்தான். உலோகங்களில் பெரும்பகுதியை ஆர்.ஓ. சவ்வு நிறுத்தும், ஆனால் நேரத்துக்கு மாற்றினால்தான். கரைப்பான்கள் சவ்வைத் தாண்டி நழுவக் கூடியவை, அவற்றுக்குச் செயலூட்டிய கரி அடுக்கு வேண்டும். முலாம் தொழிலுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குரோமியத் தொட்டியிலிருந்து அமிலப் புகை எழாமல் இருக்க மேலே நுரை போலப் படரும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். பல காலம் அது பி.எஃப்.ஓ.எஸ். என்ற, இயற்கையில் சிதையாத வேதிப்பொருள். இப்படிச் சிதையாமல் தங்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009-இல் அது சேர்க்கப்பட்டது. சாதாரணச் சுண்ணாம்புச் சுத்திகரிப்பில் அது பிடிபடாது. ஆர்.ஓ.வும் நல்ல கரியும் அதைப் பெருமளவு பிடிக்கும். வடிகட்டியைப் பொருத்தியதும் விட்டுவிடாமல், வடிகட்டி வந்த நீரையும் ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்த பிறகுதான் மனம் அடங்கியது. குளிக்கும் நீரிலுள்ள உலோகம் தோல் வழியாக மிகக் கொஞ்சமே போகும், அதற்காக அஞ்ச வேண்டாம். கரைப்பான் இருந்தால்தான் சிக்கல், வெந்நீரில் குளிக்கும்போது ஆவியாகி மூச்சோடு உள்ளே வரும். குளியலறையில் காற்று ஓட்டம் வேண்டும், முடிந்தால் வீட்டுக்குள் வரும் மொத்த நீருக்கும் கரி வடிகட்டி.

ஆனாலும் எனக்கு உள்ளே போனதில் பெரும்பங்கு குழாய் வழியாக வந்திருக்காது என்றே நினைக்கிறேன். கசடு காய்ந்தால் மாவாகப் பறக்கும். அந்த மூட்டைகளைக் கட்டுகிற கையோடுதான் எல்லாரும் சாப்பிட உட்காருவார்கள், நகத்தில் பச்சை படிந்திருக்கும். நான் மாற்றியவை எல்லாம் சாதாரண விஷயங்கள்தான். கசடு ஈரமாக இருக்கும்போதே மூட்டை கட்டுவது, அளவாகப் பொருந்தும் முகக்கவசம், வேலை இடத்தில் எதையும் வாயில் வைக்காமல் இருப்பது, சாப்பிடும் முன் நகத்துக்கடியில் பிரஷ் போட்டுக் கழுவுவது, குளித்து உடை மாற்றிவிட்டே வீட்டுக்குக் கிளம்புவது. சீருடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைப்பதை நிறுத்தினோம். பிரிவில் சிகரெட் பிடிக்கும் நண்பர்களிடம் ஒன்று சொல்வேன், புகையிலை காட்மியத்தை உறிஞ்சி வளரும் செடி, புகைப்பவர் உடம்பில் அது புகைக்காதவரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். ஆலையைத் திட்டிக்கொண்டே அதைப் பற்றவைப்பதில் பொருளில்லை.

பலன் எப்போது தெரியும் என்பதில் பொறுமை வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது, அப்புறம் முதிர்ந்து வெளியே வர மேலும் சில நாட்கள். இன்று நீரை மாற்றினால் அதன் விளைவை மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க முடியும், அதற்கு முன் பரிசோதிப்பது பணத்தை வீணாக்குவது. உடம்பைவிட்டு வெளியேறும் வேகமும் பொருளுக்குப் பொருள் வேறு. பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட்டுகள் ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். பி.எஃப்.ஓ.எஸ். பாதியாகக் குறையவே ஆண்டுக்கணக்கில் ஆகும். காரீயம் எலும்பிலும் காட்மியம் சிறுநீரகத்திலும் பத்து, இருபது ஆண்டுகள் தங்கிவிடுகின்றன. நஞ்சை வெளியேற்றுவதாகச் சொல்லி விற்கும் பொடிகள், கஷாயங்களுக்கு நான் காசு கொடுக்கவில்லை. உலோகத்தைப் பிணைத்து வெளியே இழுக்கும் உண்மையான மருந்துகள் உண்டு, அவை அளவு மிக அதிகமானவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் தருபவை. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையையும் விடாமல் பரிந்துரைத்தார்கள். அமெரிக்காவில் 2,370 ஆண்களை வைத்து நடத்தி 2020-இல் வெளியான பெரிய ஆய்வில் அந்த ஜோடி விந்தின் தரத்தையும் கூட்டவில்லை, குழந்தை பிறப்பையும் கூட்டவில்லை. பிற மாத்திரைகளுக்கு வேண்டுமானால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், எனக்கு நம்பிக்கை இல்லை.

வெரிகோசீலுக்கு அறுவை செய்துகொண்டேன். அதே காலத்தில் நீரும் மாறியது, வேலைப் பழக்கமும் மாறியது. பிறகு எடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை எல்லைக் கோட்டைச் சற்றுத் தாண்டியிருந்தது, ஓட்டமும் தேறியிருந்தது. எது வேலை செய்தது என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் ஒன்றாகச் செய்தால் அப்படித்தான். அறிவியல்ரீதியாகப் பார்த்தால் மோசமான சோதனை, ஆனால் வயது ஏறிக்கொண்டிருக்கிற தம்பதிக்கு ஒவ்வொன்றாக முயன்று பார்க்கக் காலம் ஏது? அதற்கப்புறம் விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையில் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான்.

மனைவி கருவுற்றதும் நீர் விஷயத்தில் நாங்கள் முன்னைவிடக் கறாரானோம், காரணம் உண்டு. ஆண் சிசுவின் இனப்பெருக்க உறுப்புகளுக்கு வடிவம் கொடுக்கும் ஹார்மோன் வேலை, கருவின் 8-ஆவது வாரத்திலிருந்து 14-ஆவது வாரத்தை ஒட்டி நடக்கிறது. அந்த நேரத்தில் குறுக்கே வரும் வேதிப்பொருள், வளர்ந்த ஆணுக்குச் செய்வதைவிடப் பெரிய தீங்கைச் செய்துவிடலாம். இத்தாலியின் செவேசோவில் 1976-இல் ஆலை விபத்தில் டையாக்சின் என்ற நச்சு வேதிப்பொருள் பரவியது. அது காற்றில் வந்தது, ஆனால் வயதைப் பற்றி அது காட்டியது தண்ணீருக்கும் பொருந்தும். விபத்தின்போது சின்னப் பையன்களாக இருந்தவர்களுக்கு வளர்ந்தபின் விந்தணு குறைந்திருந்தது. அன்றைக்கே பெரியவர்களாக இருந்தவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. ஆலைக்கு அருகில் குடியிருக்கும் குடும்பத்தில் நல்ல நீர் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால், அது முதலில் கர்ப்பிணிக்கும் குழந்தைகளுக்கும் போக வேண்டும். கவுண்ட்டைப் பற்றிக் கவலைப்படும் அப்பாவுக்கு அதற்குப் பிறகுதான்.

மருத்துவரிடம் போகிறவர்கள் மூன்று தகவல்களை எழுதி எடுத்துப் போங்கள். என்ன வேலை, எந்தெந்த வேதிப்பொருள், எத்தனை ஆண்டு என்பது ஒன்று. ஆலையில் இருக்கும் ஒவ்வொரு டிரம்முக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு, கேட்டு வாங்கிப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் இனப்பெருக்கத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாவது. காய்ச்சல், அறுவை, மாத்திரை, ஊசி என்று கடந்த ஆறு மாதத்தில் நடந்தது மூன்றாவது. மருத்துவர் தானாகக் கேட்கமாட்டார், பெரும்பாலும் அவருக்கு நேரம் இருக்காது.

போன மாதம் தொட்டிப் பிரிவிலிருந்து ஒரு பையன் வந்து, "அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு தனியா கேக்கணும்" என்று இழுத்தான். கல்யாணமாகி இரண்டு ஆண்டு. மேலே எழுதியதையெல்லாம் அவனிடம் சொன்னேன், நீர் மாதிரி எடுக்கப் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தேன். விந்துப் பரிசோதனையில் அவனுக்கு எல்லாம் சரியாகவே வந்தது. வீட்டுக் குழாயின் முதல் நீரில் மட்டும் காரீயம் இருந்தது. இணைப்புகளை மாற்றிவிட்டான், அடுத்து மனைவியோடு மருத்துவரைப் பார்க்க நாள் கேட்டிருக்கிறான்.